எதிர்க்காற்று

மேற்கேயிருந்து வருகிற காற்று ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தேடி ஓடும் வழியில் எங்கள் ஊர் பூதப்பாண்டி கிடக்கிறது. ஆனி, ஆடி மாதங்களில் அதற்கு ஓய்வே கிடையாது. வயலில் கன்னிப்பூ நெல் ஒரே பக்கமாகச் சாய்வதும் நிமிர்வதுமாக இருக்கும். தென்னை ஓலைகள் ராத்திரி முழுக்கச் சத்தம் போடும். கணவாயைத் தாண்டினால் முப்பந்தலில் காற்றாலைகள் இதே காற்றைப் பிடித்து மின்சாரமாக்குகின்றன.

கதிர் முற்றுகிற நேரத்தில் பலத்த காற்று வந்தால் விவசாயிக்கு வயிறு கலங்கும். விமானிக்கு முன்னாலிருந்து வருகிற காற்று வேண்டும். எதிர்க்காற்றைப் பார்த்துத்தான் விமானம் ஏறுகிறது, எதிர்க்காற்றைப் பார்த்துத்தான் இறங்குகிறது. இறக்கை மேல் காற்று எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பதுதான் கணக்கு. சக்கரம் தரையில் ஓடுகிற வேகத்தை இறக்கை கேட்பதில்லை. எதிரே மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால் அந்த 30 சும்மா கிடைக்கிறது. பின்காற்றில் கிளம்பினால் அதே 30-ஐ ஓடியே ஈடுகட்ட வேண்டும், ஓடுபாதை போதாமலும் போகலாம். இதை வாழ்க்கைத் தத்துவமாக்கிப் பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் விருப்பமில்லை. இது இயற்பியல், அப்படியே இருக்கட்டும்.

*

ஊரிலிருந்து பார்த்தால் தாடகை மலை தெரியும். ஒரு பெண் மல்லாந்து கிடப்பது போன்ற தோற்றம். ராமனின் அம்பு பட்டு விழுந்தவள் என்று கதை. கிழக்கே முப்பந்தலில் இசக்கியம்மன் இருக்கிறாள். இந்தப் பக்கத்துக் கதைகளில் ஆகாயத்தில் திரிகிற பெண்கள் எல்லோரும் பயப்பட வேண்டியவர்கள்தான். பாலைமரத்திலும் பனையிலும் இருந்து இறங்குகிற யட்சியை மந்திரவாதி பிடிப்பான், ஆணியடித்து மரத்தில் நிறுத்துவான். அதன்பிறகுதான் படையலும் பூசையும். பறக்கிறவளை முதலில் அசையாமல் நிறுத்து, பிறகு கும்பிடு.

பிரேம் மாத்தூரின் கதையைப் படித்தபோது எனக்கு அந்த ஆணி ஞாபகம் வந்தது. அலகாபாத்தில் பயின்று 1947-இல் வணிக விமானி உரிமம் பெற்ற பெண். வேலை கேட்டுப் போன இடத்திலெல்லாம் கதவடைப்பு. விமானம் ஓட்டுவது பெண் என்று தெரிந்தால் பயணிகள் ஏற மாட்டார்கள் என்பது விமான நிறுவனங்கள் சொன்ன காரணம். கடைசியில் ஹைதராபாத்தின் டெக்கான் ஏர்வேஸ் இணை விமானியாகச் சேர்த்துக்கொண்டது. 1949-இல் தேசிய விமானப் பந்தயத்தில் அவர் வென்றார். வென்ற பிறகும் தலைமை விமானியின் இருக்கை அங்கே கிடைக்கவில்லை.

*

திருவனந்தபுரத்தில் இறங்கும் விமானங்கள் சில நாட்களில் எங்கள் வானத்தின் வழியாகத் தாழ்ந்து போகும். வயலில் களை பறித்துக்கொண்டிருந்த ஆச்சி ஒருத்தி நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்.

“ஏ மக்கா, இத பொம்பளையும் ஓட்டுவாளாமே?”

“ஓட்டுவா ஆச்சி. இப்ப நெறைய பேரு ஓட்டுதாங்க.”

“அப்பம் வீட்டுல யாரு பொங்குவா?”

சிரித்துக் கடந்துவிடலாம். ஆனால் இந்தக் கேள்வியைத் தவிர்த்துவிட்டு எழுதப்படும் சாதனைக் கட்டுரைகளை நான் நம்புவதில்லை. சரளா துக்ரால் 1936-இல் லாகூரில் ஜிப்சி மாத் விமானத்தில் தனியாக மேலேறியபோது அவருக்கு வயது 21, வீட்டில் நான்கு வயது மகள். சேலை கட்டிக்கொண்டு பறந்தார் என்பதைத்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். அந்த மகளை அன்றைக்கு யார் பார்த்துக்கொண்டார்கள் என்று கேட்பதற்கு ஆச்சி வேண்டியிருக்கிறது. அவர் வாழ்க்கைப்பட்ட வீட்டில் விமானிகள் மட்டும் ஒன்பது பேர். கணவர் பி. டி. சர்மா கராச்சிக்கும் லாகூருக்கும் இடையே தபால் விமானம் ஓட்டியவர். மருமகளைப் பறக்கச் சொல்லி ஊக்கப்படுத்தியவர்களில் மாமனாரும் ஒருவர். கூட்டுக் குடும்பம் பெண்ணைக் கட்டிப்போடும் என்பது தெரிந்த கதை. கூட்டுக் குடும்பம் தோள் கொடுத்து மேலேற்றிய கதையும் இருக்கிறது.

*

ஜிப்சி மாத்தை நினைத்துப் பார்க்கிறேன். மரச்சட்டத்தின் மேல் துணி இழுத்துக் கட்டி மெழுகிய இறக்கைகள், இரண்டு அடுக்கு. முன்னும் பின்னுமாக இரண்டு இருக்கை, மேலே கூரை இல்லை. முன்னால் இருப்பவரும் பின்னால் இருப்பவரும் ஒரு குழாய் வழியாகத்தான் பேசிக்கொள்ள முடியும். ஆமி ஜான்சன் 1930 மே மாதத்தில் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தனியாகப் பறந்ததும் இந்த ரக விமானத்தில்தான். வழியில் கராச்சியிலும் ஜான்சியிலும் அலகாபாத்திலும் கல்கத்தாவிலும் இறங்கினார். 1937 ஜூனில் உலகைச் சுற்றிப் பறந்துகொண்டிருந்த அமெரிக்க விமானி அமெலியா இயர்ஹார்ட் கராச்சிக்கும் கல்கத்தாவுக்கும் வந்து போனார். அடுத்த மாதமே பசிபிக் கடலுக்கு மேல் காணாமல் போனார்.

தனியாகப் பறக்கும் முதல் நாளில் பயிற்றுநர் இறங்கிக்கொள்வார். குழாயின் மறுமுனையில் ஆள் இருக்காது. எடை குறைந்ததால் விமானம் வழக்கத்தைவிடச் சீக்கிரம் எழும்பும் என்பார்கள்.

சரளா பறந்த அதே 1936, நவம்பர் 12 அன்று திருவிதாங்கூர் மகாராஜா கோயில் நுழைவுப் பிரகடனத்தில் கையெழுத்திட்டார். பூதப்பாண்டி அப்போது திருவிதாங்கூரில்தான் இருந்தது. லாகூரில் ஒரு பெண் ஆகாயத்தில் ஏறிய வருஷத்தில்தான், இங்கே சாதியின் பெயரால் வெளியே நிறுத்தப்பட்டிருந்த ஒரு பெருங்கூட்டம் ஜனங்கள் கோயில் வாசற்படியில் ஏற முடிந்தது. இந்த ஊரில் 1907-இல் பிறந்த பொதுவுடைமைத் தலைவர் ஜீவா சிறுபிராயத்திலிருந்தே எதிர்த்து நின்றது அந்த வாசற்படியைத்தான்.

*

புறநானூற்றில் ஒல்லையூர் தந்த பூதப்பாண்டியன் பாடிய பாட்டு ஒன்று உண்டு, 71-ஆவது. பகைவரை வெல்லாவிட்டால் என் மனைவியைப் பிரிவேனாக என்று வஞ்சினம் கூறுகிறான். 246-ஆவது பாட்டு அந்த மனைவி பெருங்கோப்பெண்டு பாடியது. அவன் இறந்துவிட்டான். தீயில் இறங்காதே என்று தடுக்கிற பெரியவர்களைப் பார்த்து அவள் கோபமாகப் பேசுகிறாள். நெய் சேராத சோறும் எள் துவையலும் கீரையும் பருக்கைக்கல் படுக்கையுமாகக் காலம் தள்ளும் கைம்மை தனக்கு வேண்டாம் என்கிறாள். அந்தப் பாண்டியன்தான் இந்த ஊர்ப் பெயரில் இருப்பவனா என்பது ஆராய்ச்சிக்காரர்கள் பாடு. ஊர்ப் பலகையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவனைவிட அவள்தான் நினைவுக்கு வருகிறாள்.

அவள் முன்னால் இருந்தவை இரண்டே வழிகள். தீ அல்லது கல்படுக்கை. இரண்டையும் எடைபோட்டு ஒன்றைத் தேர்ந்தாள். அவளைக் குறை சொல்ல நான் யார்? ஆனால் அந்தப் பெரியவர்கள் மூன்றாவதாக ஒன்றை அவளுக்குக் காட்டியிருக்க முடியாதா என்ற எண்ணம் வருவதை நிறுத்த முடியவில்லை.

சரளாவின் கணவர் 1939-இல் விமான விபத்தில் இறந்தார். சரளாவுக்கு 24 வயது, இரண்டு பெண் குழந்தைகள். எந்த ஆகாயம் கணவனைக் கொண்டுபோனதோ அதே ஆகாயத்துக்கு அவர் திரும்பப் போனார். வணிக விமானி உரிமத்துக்காக ஜோத்பூரில் பயிற்சிக்குச் சேர்ந்தார். உலகப்போர் மூண்டது, பொதுமக்களுக்கான விமானப் பயிற்சியை நிறுத்திவிட்டார்கள். லாகூருக்குத் திரும்பி மேயோ கலைப்பள்ளியில் ஓவியம் படித்தார். பிரிவினையில் லாகூரும் போயிற்று. மகள்களோடு டெல்லிக்கு வந்து, 1948-இல் மறுமணம் செய்துகொண்டு, நகை வடிவமைப்பு, சேலை அச்சு, ஓவியம் என்று தொழில் நடத்தி 2008 வரை வாழ்ந்தார். விமானத்தை ஓட்டி முடித்துவிட்டு இன்னும் எழுபது வருஷத்துக்குக் கிட்ட வாழ வேண்டியிருந்தது. அந்த எழுபது வருஷத்தைப் பற்றி ஏன் யாரும் அதிகம் எழுதுவதில்லை?

சரளாவுக்கு நான்கு வருஷம் முன்பே, 1932-இல், ஊர்மிளா பாரிக் உரிமம் பெற்றுவிட்டார். இந்தியாவின் முதல் பெண் விமானி யார் என்ற சண்டை இன்றும் நடக்கிறது. எனக்கு அதில் அக்கறை இல்லை.

*

எங்கள் பக்கத்து ஆள் என்று சொல்லிக்கொள்ள வேண்டுமானால் உஷா சுந்தரத்தைச் சொல்ல வேண்டும். சென்னைவாசி. 1924-இல் பிறந்தவர். கணவர் கேப்டன் வி. சுந்தரம் மெட்ராஸ் ஃப்ளையிங் கிளப்பில் பயிற்றுநராக இருந்தவர், பிறகு மைசூர் மகாராஜாவின் விமானி. மகாராஜாவின் டகோட்டா விமானத்தில் கணவருக்குப் பக்கத்தில் இணை விமானியாக உட்கார்ந்தவர் உஷா. நேருவும் படேலும் ஏறிய விமானங்களை இவர்கள் இருவரும் சேர்ந்து ஓட்டியிருக்கிறார்கள். பெங்களூருக்குப் பக்கத்தில் ஜக்கூரில் அரசு விமானப் பயிற்சிப் பள்ளி தொடங்கியபோது அதை நடத்தியவர் சுந்தரம். அங்கே பயின்று 1949-இல் முதலில் தேறி வெளியே வந்தவர் உஷா.

புருஷன் நடத்துகிற பள்ளியில் பெண்டாட்டி முதலாவதாகத் தேறினாள் என்றால் ஊர் என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியும். பூதப்பாண்டி டீக்கடையில் சொல்லக்கூடியதை பெங்களூரிலும் சொல்லியிருப்பார்கள். ஆனால் விமானத்துக்கு உறவுமுறை தெரியாது. தரையிறங்கும்போது மூக்கைத் தூக்க வேண்டிய நொடியில் தூக்காவிட்டால் யாருடைய மனைவியானாலும் சக்கரம் உடையும்.

பிறகு அந்தப் பயணம். 1950-களின் தொடக்கத்தில் மதராஸ் அரசு டி ஹாவிலாண்ட் டவ் என்ற புத்தம்புது விமானத்தை வாங்கியது. இரட்டை எஞ்சின், பத்துப் பேர் அளவுக்கு இடம். அதை இங்கிலாந்திலிருந்து ஓட்டிக்கொண்டு வரும் பொறுப்பு இந்தத் தம்பதிக்கு வந்தது. லண்டனிலிருந்து பம்பாய்க்கு 27 மணி நேரத்தில் வந்து சேர்ந்தார்கள். பிஸ்டன் எஞ்சின் விமானத்துக்கு அது சாதனை. கணக்குப் போட்டுப் பார்த்தேன். நேர்கோட்டில் சுமார் 7,200 கிலோமீட்டர். வகுத்தால் மணிக்கு 267. டவ் விமானம் சாதாரணமாகப் போகிற வேகமே 290-ஐ ஒட்டித்தான். அப்படியென்றால் வழியில் எண்ணெய் நிரப்பவும் கைகால் நீட்டவும் எத்தனை நிமிஷம் கிடைத்திருக்கும்? படுத்துத் தூங்கியிருக்க முடியாது. ஒருவர் கண்ணயர்ந்தால் மற்றவர் விழித்திருக்க வேண்டும். பகல் இரவாகி மறுபடி பகலாகும்வரை ஒரு சின்ன அறையில், இரண்டு எஞ்சின்களின் இரைச்சலில், திசைமானியைப் பார்த்தபடி கணவனும் மனைவியும். என்ன பேசியிருப்பார்கள்? அந்த இரைச்சலில் அதிகம் பேச முடிந்திருக்காது என்றே தோன்றுகிறது. தாம்பத்தியம் பற்றி நான் படித்த உபதேசங்களைவிட இந்த 27 மணி நேரத்தை நினைப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

*

உஷா சுந்தரத்தின் பெயர் இன்று அதிகம் புழங்குவது விமானநிலையங்களில் இல்லை. கிண்டியில், வேளச்சேரி சாலையில், அடிபட்ட நாய்களையும் மாடுகளையும் தூக்கிக்கொண்டு போகிற இடத்தில். 1959-இல் ஒரு மழைநாளில் தி.நகர்ப் பக்கம் வெள்ளத்தில் தத்தளித்த நாய்க்குட்டிகளைக் கேப்டன் சுந்தரம் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அந்த வீட்டில்தான் ப்ளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பு பிறந்தது. கணவன், மனைவி, பிள்ளைகள் மூவர். முதல் தொண்டர்கள் அவர்கள்தான். 1964-இல் சங்கமாகப் பதிவு செய்தார்கள். தெருநாய்களை மாநகராட்சி பிடித்துக் கொன்றுகொண்டிருந்த காலம் அது. கொன்று தீராது, கருத்தடை செய்துவிட்டுப் பிடித்த இடத்திலேயே விடுங்கள் என்று இந்தக் குடும்பம் சொன்னது. 1996-இல்தான் சென்னை மாநகராட்சி அந்த வழிக்கு வந்தது. 2001-இல் மத்திய அரசின் விதியானது. தெருநாய் விவகாரத்தில் இன்று நாடு இரண்டுபட்டுக் கிடக்கிறது. நாய்க்கடி பட்ட குழந்தையின் வீட்டில் நின்றுகொண்டு இதைப் பேசுவது எளிதல்ல என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் 27 மணி நேரத்தில் சாதித்தவர்கள், ஒரு விஷயத்துக்காக முப்பது வருஷத்துக்கு மேல் காத்திருந்தார்கள் என்பதைக் குறித்துக்கொள்கிறேன். இரண்டில் எது கடினம் என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன், காத்திருந்ததுதான்.

சுந்தரம் 1997-இல் காலமானார். உஷா 2010-இல்.

*

ஆச்சியின் கேள்விக்கு நான் பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். பதில் எளிது. பொங்குகிறவர்கள் வீட்டில் இருக்கும் மற்றவர்கள்தான். சரளாவின் வீட்டில் அப்படி ஆட்கள் இருந்தார்கள். பெருங்கோப்பெண்டின் சபையில் இருந்த பெரியவர்கள் ‘சாகாதே’ என்று மட்டும் சொன்னார்கள். எப்படி வாழ்வது என்று சொல்லவில்லை.

இந்திய விமானிகளில் இன்று ஏறத்தாழ 15 விழுக்காடு பெண்கள். உலக அளவில் 5 விழுக்காட்டை ஒட்டித்தான் இருக்கிறது. வணிக விமானி உரிமத்துக்கு 18 வயது ஆகியிருக்க வேண்டும், 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும், கண்ணும் காதும் உடம்பும் நன்றாக இருப்பதாக மருத்துவச் சான்று வேண்டும். செலவு அரைக்கோடி ரூபாயைத் தொடும். வயலை ஒற்றிவைத்துப் பையனை வளைகுடாவுக்கு அனுப்பிய குடும்பங்கள் நாஞ்சில் நாட்டில் எத்தனையோ. அதே வயலைக் கையில் வைத்திருக்கிற ஒரு தகப்பனிடம் மகள் வந்து விமானம் ஓட்டப் படிக்க வேண்டும் என்று கேட்டால், பயமாக இல்லையா மக்களே என்று கேட்காதீர்கள். அதை அவள் உங்களுக்கு முன்பே யோசித்திருப்பாள். எந்தப் பள்ளி, மொத்தம் எவ்வளவு, எந்த வங்கி கடன் தரும் என்று கேளுங்கள். மருத்துவச் சான்றை முதலில் எடுத்துவிடுங்கள். பணம் கட்டிய பிறகு கண்ணில் குறை என்று தெரிந்து திரும்பி வருகிறவர்கள் இருக்கிறார்கள்.