இடைக்காலப் பணியும் இறைவழிபாடே

பட்டம் பெற்று ஓராண்டாகியும் தக்க வேலை அமையாத இளைஞர் ஒருவர் ஆசிரமத்திற்கு வந்திருந்தார். துணிக்கடை ஒன்றில் கணக்கெழுதும் தற்காலிகப் பணி அவருக்குக் கிடைத்திருந்தது. "சுவாமிஜி, பொறியியல் படித்த நான் அங்கே போய் உட்கார்ந்தால் உறவினர்கள் ஏளனம் செய்வார்கள். போகாவிட்டால் அம்மாவின் மருந்துச் செலவுக்கு வழியில்லை. என்ன செய்வது?" என்று கேட்டார். இது அவர் ஒருவரின் கேள்வியன்று. இன்று எத்தனையோ இல்லங்களில் எழும் கேள்வி.

அன்பர்களே, இதற்கான விடையைச் சுவாமி விவேகானந்தரின் வாழ்விலேயே காணலாம். 1884-ஆம் ஆண்டு, கல்கத்தாவில் பி.ஏ. முடித்த நரேந்திரருக்கு வயது 21. அவ்வாண்டு பிப்ரவரியில் தந்தை விசுவநாத தத்தர் திடீரெனக் காலமானார். குடும்பம் கடனில் மூழ்கியது. கையில் விண்ணப்பத்துடன், காலில் செருப்பின்றி, உச்சிவெயிலில் அலுவலகம் அலுவலகமாக அலைந்தார் நரேந்திரர். எங்கும் கதவு திறக்கவில்லை. வீட்டில் உணவு போதாத நாட்களில், "வெளியே எனக்கு விருந்து இருக்கிறது" என்று தாயிடம் கூறிவிட்டுப் பட்டினி கிடந்தார்.

அந்நாட்களில் ஓர் அட்டர்னி அலுவலகத்தில் சிறிது காலம் வேலை செய்தார். சில நூல்களை மொழிபெயர்த்துக் கொடுத்தார். நிலையான வருவாய் இல்லை. அன்றாடப் பாட்டுக்கே அது போதும் போதாததாக இருந்தது. ஆயினும் கிடைத்த பணியை இழிவென்று அவர் தள்ளவில்லை.

பின்னர், குருதேவரின் சொற்படி, குடும்ப வறுமை நீங்க வேண்டுமென்று அன்னை காளியிடம் வேண்டத் தட்சிணேசுவரத்து ஆலயத்தினுள் சென்றார். மும்முறை சென்றும் பொருளைக் கேட்க நா எழவில்லை. விவேகம், வைராக்கியம், ஞானம், பக்தி இவற்றையே வேண்டினார். குடும்பத்திற்கு எளிய உணவுக்கும் உடைக்கும் குறைவிராது என்று குருதேவர் அருளினார். அந்த அருளை நம்பி நரேந்திரர் சும்மா இருந்துவிட்டாரா? இல்லை. வித்தியாசாகரரின் மெட்ரோபாலிடன் பள்ளியில் சில காலம் ஆசிரியராகவும் பணிபுரிந்தார். அருள் முயற்சிக்குத் துணை. முயற்சிக்கு மாற்று அன்று.

இதிலிருந்து இளைஞர்கள் மூன்று செய்திகளைப் பெறலாம்.

முதலாவது: வேலை தற்காலிகமாக இருக்கலாம், அதைச் செய்யும்போது உருவாகும் குணம் தற்காலிகமானதன்று. "இது என் வேலையா?" என்ற சலிப்போடு மூன்று மாதம் உழைப்பவன், அந்தச் சலிப்பையே அடுத்த வேலைக்கும் எடுத்துச் செல்கிறான்.

இரண்டாவது: போதுமென்ற மனம் வேறு, சோம்பல் வேறு. கீதை போற்றுவது பலனில் பற்றின்மையை, செயலின்மையை அன்று. ஆகவே தேடலை நிறுத்தலாகாது. காலையில் ஒரு மணி நேரமாவது படிப்பதற்கும் விண்ணப்பிப்பதற்கும் ஒதுக்குங்கள். வேறு வேலை தேடுவதை முதலாளியிடம் மறைக்காதீர்கள். விலகும் நாள் வந்தால், பொறுப்பை முறையாக ஒப்படைத்துவிட்டு விலகுங்கள்.

மூன்றாவது பெற்றோருக்கு: சிறு வேலைக்குச் செல்லும் மகனையோ மகளையோ பிறர் பிள்ளைகளோடு ஒப்பிடாதீர்கள். வெளியே பெறும் நூறு மறுப்புகளைத் தாங்கும் உள்ளம், வீட்டில் கேட்கும் ஒரு சுடுசொல்லில் உடைந்துவிடும்.

சிந்தித்துப் பார்த்தால், உலகில் நிரந்தரப் பணி எது? முப்பது ஆண்டுகள் அமர்ந்த நாற்காலியையும் ஒருநாள் விட்டு எழத்தான் வேண்டும். நமக்குத் தரப்பட்டது இன்றைய நாளும் அதற்குரிய கடமையும் மட்டுமே.

அவ்விளைஞரிடம், "நாளை கணக்குப் புத்தகத்தைத் திறக்குமுன் ஒரு கணம் இறைவனை நினையுங்கள். மாலையில் ஒரு ரூபாயும் பிசகாமல் கணக்கை முடித்து அதை அவன் திருவடியில் வையுங்கள். அம்மாவுக்கு நீங்கள் வாங்கிச் செல்லும் மருந்தே அந்தப் பூஜையின் பிரசாதம்" என்றேன். அவர் கண்களைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். மறுநாளே வேலையில் சேர்ந்துவிட்டதாகப் பின்னர் அறிந்தேன்.

காத்திருக்கும் காலத்தையும் கடமையால் நிரப்பும் வலிமையை இறைவன் நம் இளைஞர்களுக்கு அருள்வானாக!