பால்குடி மறக்கடிப்பதும் ஓர் அமானிதம்





இதையெல்லாம் ஜும்ஆ மேடையில் பேச வேண்டுமா என்று சிலர் நினைக்கலாம். அல்லாஹ்வே பேசியிருக்கிறான். அல்பகரா அத்தியாயத்தின் 233ஆம் வசனம் பால்குடிக் குழந்தையைப் பற்றியதுதான்.

நம் சங்கரன்கோவில் வீடுகளில் நடப்பதைப் பாருங்கள். பிள்ளைக்கு இரண்டு வயது ஆகப்போகிறது. பகலில் சோறும் இட்லியும் சாப்பிடுகிறது. ஆனால் இரவில் உம்மாவிடம் பால் குடித்தால்தான் தூங்கும். நடுச்சாமத்தில் மூன்று முறை, நான்கு முறை விழித்து அழும். பகலெல்லாம் வீட்டு வேலை பார்த்த அந்தப் பெண்ணுக்கு இரவிலும் உறக்கமில்லை. தறி ஓட்டிவிட்டு வந்த வாப்பா, "பிள்ளையை அழவிடாதே" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்கிறார். அவள் ஓய்ந்துபோகும்போது ஊரே யோசனை சொல்கிறது: "வேப்பிலையை அரைத்துத் தடவு, நாலு நாள் பிள்ளையைத் தாய்வீட்டில் விட்டுவிடு."

இப்போது அந்த வசனத்துக்கு வாருங்கள். பாலூட்டலை முழுமையாக்க விரும்புவோருக்கு இரண்டு ஆண்டுகள் என்கிறது. பிள்ளையைக் காரணம் காட்டித் தாயைத் துன்புறுத்தக் கூடாது என்கிறது. அதற்கு முன்பே நிறுத்துவதென்றால் இருவரும் மனம் ஒப்பி, கலந்து பேசி முடிவெடுத்தால் குற்றமில்லை என்கிறது. கவனியுங்கள், இது தாய் தனியாகச் சுமக்கும் காரியம் அல்ல. பால் தாயுடையது. ஆனால் முடிவிலும் பொறுப்பிலும் தகப்பனுக்குப் பங்கு உண்டு. முடிவில் பங்கு கேட்பவர் இரவு விழிப்பில் மட்டும் பங்கு வேண்டாம் என்று சொல்ல முடியுமா?

உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் நடந்த சம்பவம் தெரிந்ததுதான். மதீனாவுக்கு வந்த வணிகக் கூட்டத்துக்கு இரவில் காவல் நின்றபோது ஒரு குழந்தை ஓயாமல் அழுதது. பால் மறந்த பிள்ளைக்குத்தான் கலீஃபா உதவித்தொகை தருகிறார், அதனால் சீக்கிரமாக மறக்கடிக்கிறேன் என்றாள் தாய். பேசுவது உமர் என்று அவளுக்குத் தெரியாது. அன்று ஃபஜ்ரில் அவர்கள் அழுத அழுகையில் ஓதியது மக்களுக்கு விளங்கவில்லை. பிறந்த நாளிலிருந்தே எல்லாக் குழந்தைக்கும் தொகை உண்டு என்று சட்டத்தை மாற்றினார்கள்.  அவளை அவசரப்படுத்திய காரணத்தைத் தேடி, அது தன்னிடமே இருப்பதைக் கண்டார்கள். நம் வீட்டில் அந்தக் காரணம் யார்?

இன்னொன்று. ஒரு தாய், "வா, உனக்கு ஒன்று தருகிறேன்" என்று தன் பிள்ளையைக் கூப்பிட்டார். என்ன தரப்போகிறாய் என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். பேரீச்சம்பழம் என்றார் அவர். எதுவும் தராமல் இருந்திருந்தால் உன்மீது ஒரு பொய் எழுதப்பட்டிருக்கும் என்றார்கள். அபூதாவூதில் வரும் ஹதீஸ் இது.

வேப்பிலை தடவுவது ஹராம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அந்தப் பிள்ளைக்கு உலகத்திலேயே பயமற்ற இடம் உம்மாவின் மடி. அதைத் திடீரென்று கசப்பாக்குவதும், "பூச்சி கடிக்கும்" என்று பொய் சொல்வதும் நாம் கற்றுக்கொடுக்க வேண்டிய பாடமா? "பால் காலையில்தான், இப்போது தூங்கலாம்" என்று உண்மையைச் சொல்லிப் பாருங்கள். பேச்சு வராத பிள்ளைக்கும் அது மெல்ல மெல்ல விளங்கும்.

மது ஒரே நாளில் தடுக்கப்படவில்லை. வளர்ந்த மனிதர்களுக்கே அல்லாஹ் படிப்படியாக அவகாசம் தந்தான். அப்படியானால் பச்சைப் பிள்ளைக்கு? முதலில் படுக்கும் முன்பே பாலைக் கொடுத்துவிட்டு, பிறகு தட்டிக்கொடுத்துத் தூங்க வையுங்கள். நடு இரவில் ஒரு வேளையை மட்டும் குறையுங்கள். சில நாள் கழித்து அடுத்ததை. காய்ச்சல் நேரத்தில் தொடங்காதீர்கள். சட்டென்று நிறுத்தினால் தாய்க்கும் பால் கட்டி வலிக்கும்.

வாப்பாமார்களே, அந்த இரவுகளில் பிள்ளையைத் தோளில் போட்டு நடங்கள். ஆயத்துல் குர்ஸியை மெல்லிய குரலில் ஓதுங்கள். பிள்ளை அழும். அழுகை நின்றுவிடும். அப்போது பக்கத்தில் யார் இருந்தார் என்பது அதன் மனதில் தங்கும்.

யா அல்லாஹ், எங்கள் பெண்களின் களைப்பை நீ அறிவாய். அதை நாங்களும் அறிந்து நடக்க அருள்புரிவாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.