சுற்றறிக்கை வந்தால் சுருண்டு படுக்காதே!

திருவனந்தபுரம் பேக்கரி ஜங்ஷனில் ரிசர்வ் வங்கி அலுவலகம் இருக்கிறது. அந்தப் பக்கமாகப் போகிறவர்களில் அதை நிமிர்ந்து பார்க்கிறவர் எத்தனை பேர்? "அது பெரிய இடத்து விவகாரம், நமக்கெதுக்கு?" என்கிறான் சாலை பஜாரில் கணக்கு எழுதுகிற தம்பி. கரமனையிலிருந்து டெக்னோபார்க்குக்குப் பஸ் ஏறுகிற தங்கச்சியும் அதையேதான் சொல்கிறாள். ஆனால் எவனோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய டிப்ஸை நம்பி இருவருமே வங்கிப் பங்கு வாங்குகிறார்கள். ரிசர்வ் வங்கி ஓர் அறிவிப்பு விட்டதும் அலறியடித்து விற்கிறார்கள்.

தம்பி, போதும்! உழைத்துச் சேர்த்த காசை ஊரான் வாய்க்குக் கொடுக்கிற வேலையை இன்றோடு விடு. ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கை ஒன்றும் பரம ரகசியம் இல்லை. அதன் இணையதளத்தில் காசில்லாமல் கிடக்கிறது. மும்பையில் கோடிகளைப் புரட்டுகிறவன் படிப்பதும் அதே தாள்தான்.

உன் பயம் எனக்குப் புரிகிறது. இந்த மண்ணுக்கு அடிபட்ட அனுபவம் உண்டு. 1938-ல் திருவிதாங்கூர் நேஷனல் அண்ட் குயிலான் வங்கி கதவைச் சாத்தியது. 1960 ஆகஸ்டில் பாலா சென்ட்ரல் வங்கியை மூடச் சொல்லி ரிசர்வ் வங்கியே நீதிமன்றம் போனது. அந்த அடிக்குப் பிறகுதான் 1962-ல் வைப்புத்தொகைக் காப்பீடு வந்தது. இன்று நீ திட்டுகிற விதிகளில் பாதி, உன் தாத்தா காலத்துக் கண்ணீரிலிருந்து வந்தவை.

சரி, விதி எப்படிப் பங்கு விலையைத் தொடுகிறது? பென்சிலை எடு. தனிநபர் கடனாக ஒரு வங்கி 100 ரூபாய் கொடுத்தால், அதற்கு ஈடாகக் குறைந்தபட்சம் 9 ரூபாய் சொந்த மூலதனம் வைத்திருக்க வேண்டும் என்றிருந்தது. 2023 நவம்பரில் ரிசர்வ் வங்கி அந்தக் கடனின் இடர் எடையை, அதாவது எவ்வளவு மூலதனம் வேண்டும் என்று கணக்கிட உதவும் அளவை, 100-லிருந்து 125 சதவீதமாக்கியது. 9 ரூபாய், 11 ரூபாய் 25 காசு ஆனது. அதே மூலதனத்தில் கொடுக்கக்கூடிய கடன் சுருங்கும், லாபம் குறையும் என்று சந்தை கணக்குப் போட்டது. மறுநாளே வங்கிப் பங்குகள் சரிந்தன. 2025 ஜூனில் காற்று திசை மாறியது. ரொக்கக் கையிருப்பு விகிதத்தை 4-லிருந்து 3 சதவீதமாகப் படிப்படியாகக் குறைக்கப்போவதாக அறிவிப்பு வந்தது. ரிசர்வ் வங்கியில் வட்டியில்லாமல் தூங்கிய சுமார் 2.5 லட்சம் கோடி ரூபாய் வங்கிகளின் கைக்குத் திரும்ப வழி பிறந்தது. பெருக்கலும் கழித்தலும்தான் கணக்கு. பலசரக்குக் கடையில் சில்லறை எண்ணத் தெரிந்த உனக்கு இதுவா தெரியாது?

இன்னொன்றையும் நெஞ்சில் எழுதிக்கொள். ரிசர்வ் வங்கியின் எல்லா அடியும் ஒரே அடி இல்லை. கரூரில் 1926-ல் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கியைப் பார். 2020 நவம்பர் 17 அன்று அதற்குத் தடைக்காலம் அறிவித்தார்கள். பத்தே நாளில் அது டிபிஎஸ் வங்கியோடு சேர்க்கப்பட்டது. வைப்பு வைத்தவர் பணம் பிழைத்தது. பங்கு வைத்திருந்தவர் கையில் பூஜ்யம்! இது இடிபோல் திடீரென்று விழுந்ததா? 2019 செப்டம்பரிலேயே அதை, பலவீனமான வங்கிக்குக் கடிவாளம் போடும் உடனடித் திருத்த நடவடிக்கையின் கீழ் கொண்டுவந்துவிட்டார்கள். வாராக்கடன் அதிகம், மூலதனம் போதவில்லை, தொடர்ந்து நஷ்டம் என்று காரணமும் வெளியே தெரிந்தது. படித்தவனுக்கு ஒரு வருஷத்துக்கு மேல் அவகாசம் கிடைத்தது. "விலை குறைஞ்சு போச்சு, அள்ளு!" என்ற டிப்ஸைக் கேட்டவனுக்குத்தான் அது இடி.

கோட்டக் மஹிந்திரா கதை வேறு. 2024 ஏப்ரலில், இணையவழியில் புது வாடிக்கையாளரைச் சேர்க்கவும் புது கிரெடிட் கார்டு கொடுக்கவும் அதற்குத் தடை விழுந்தது. மறுநாள் பங்கு பத்து சதவீதத்துக்கு மேல் வீழ்ந்தது. ஆனால் உத்தரவு குறை சொன்னது கணினி அமைப்பைத்தான். கடன் கெட்டதாகவோ மூலதனம் கரைந்ததாகவோ அதில் இல்லை. 2025 பிப்ரவரியில் தடை நீங்கியபோது பங்கு பழைய விலையைத் தாண்டியிருந்தது. முதுகெலும்பில் முறிவா, தோளில் சிராய்ப்பா என்று உத்தரவைப் படித்தாலே பிரித்துச் சொல்லலாம்.

உள்ளூர்க் கதையைச் சொல்லாமல் போனால் ஊர்க்காரர்கள் கோபிப்பார்கள். 1945-ல் திருவிதாங்கூர் வங்கியாகத் தொடங்கிய ஸ்டேட் பாங்க் ஆஃப் திருவிதாங்கூர் (எஸ்.பி.டி.), கேரள சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டும், 2017 ஏப்ரல் 1-ல் பாரத ஸ்டேட் வங்கியில் கரைந்தது. அது மத்திய அரசின் ஒப்புதலோடு நடந்த இணைப்பு, ரிசர்வ் வங்கியின் தண்டனை இல்லை. பத்து எஸ்.பி.டி. பங்குக்கு 22 ஸ்டேட் வங்கிப் பங்கு. ஊரின் வங்கி போனதே என்ற ஆதங்கம் எனக்கும் உண்டு, மறைக்கவில்லை. ஆனாலும் கணக்கைப் பார். 2020 மே மாதம் ஸ்டேட் வங்கிப் பங்கு 150 ரூபாயை ஒட்டித் தவித்தது. அந்த 22 பங்கின் மதிப்பு அன்று வெறும் 3,300. 2024-ல் அது 800-ஐத் தாண்டியபோது அதே 22 பங்கு 17,600-க்கு மேல். இடையில் பயந்து விற்றவர்களுக்கு மிஞ்சியது புலம்பல்.

எந்தப் பங்கை வாங்கு என்று நான் சொல்லமாட்டேன். சொன்னால் நானும் டிப்ஸ் ஆசாமிதான்! நீயே எழு. காலாண்டு முடிவு வரும் நாளில் உன் வங்கியின் அறிக்கையை எடு. நிகர வாராக்கடன், மூலதனப் போதுமை விகிதம், கெட்ட கடனுக்கான ஒதுக்கீடு ஆகிய மூன்றையும் உன் கையால் நோட்டில் எழுது. போன காலாண்டின் எண்களைப் பக்கத்திலேயே எழுது. நிகர வாராக்கடன் 6 சதவீதத்தை நெருங்கினால் சிவப்பு மை போடு. புரியாத சொல்லைக் கூச்சப்படாமல் கேள். ஒரே ஒரு பங்கு வைத்திருப்பவனுக்கும் ஆண்டுக் கூட்டத்தில் கலந்துகொள்ள உரிமை உண்டு. பல வங்கிகள் இப்போது கூட்டத்தை இணையவழியிலேயே நடத்துகின்றன. பேச விரும்புகிறவர் முன்கூட்டியே பெயர் பதியலாம். இந்த வருஷம் உன் பெயரைப் பதி. ஒதுக்கீடு ஏன் கூடியது என்று தலைவரிடமே கேள்!