பற்றும் உரிமையும்

பழைய சைக்கிளைக் காயலான் கடையில் போடாமல் வைத்திருந்தால், ‘பற்றை விடு’ என்கிறார்கள். நிலமும் வீடும் தன் பெயரில் உள்ளவர் விட்டால் அது துறவு. தன் பெயரில் எதுவுமே இல்லாதவள் எதை விடுவது? எங்கள் பாகூர்ப் பக்கம் நாங்கள் மிதித்த வண்டிகூட அப்பாவுடையது, அல்லது கணவனுடையது.

1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தில் எழுத்தோடு சைக்கிளும் கற்ற பெண்கள், லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் சைக்கிளையே எடுத்தார்கள். குறுக்குப் பாரில் பிள்ளையை உட்காரவைத்தார்கள். பிறருக்கென்று செய்த இரும்பு அப்படித்தான் அவர்களுடையதானது. வாங்கியவருக்கு ரசீது இருக்கலாம். மிதித்தவளுக்கும் வண்டியில் உரிமை உண்டு.

வில்லியனூர் வரை துணைக்கு யாரையும் கூப்பிடாமல் நான் போய்வந்த தூரத்துக்கு இந்தத் துருப்பிடித்த வண்டியைத் தவிர வேறு சாட்சி இல்லை. சாட்சியை எடைக்குப் போட மாட்டேன்.