ஜாதகமும் சீம்பாலும்

அயர்லாந்தின் டல்லியில் 1900-இல் குதிரைப் பண்ணை தொடங்கிய வில்லியம் ஹால் வாக்கர், பிறக்கிற குட்டிக்கெல்லாம் ஜாதகம் கணித்தார். கட்டம் சரியில்லை என்றால், எவ்வளவு உயர்ந்த வம்சமானாலும் குட்டியை விற்றுவிடுவார். அந்தப் பண்ணைதான் இன்று அயர்லாந்தின் தேசியக் குதிரைப் பண்ணை. குட்டி ஈனும் பருவத்தில் மாணவர்களைத் தங்கவைத்துத் தொழில் கற்றுத்தருகிறது.

ஜாதகத்தை விட்டவர்களும் பிறப்பை விடவில்லை. பந்தயக் குதிரைகளுக்கு 1791-லேயே வம்சாவளிப் பதிவேடு வந்துவிட்டது. இன்றைய தரோபிரெட் இனப் பந்தயக் குதிரைகளின் தகப்பன் வழி மூன்றே மூன்று குதிரைகளில் போய் முடிகிறது. அந்தப் பதிவேட்டை நம்பித்தான் 1983-இல், நார்தர்ன் டான்சர் என்ற குதிரைக்குப் பிறந்த ஸ்னாஃபி டான்சர் என்ற குட்டியை 1 கோடியே 2 லட்சம் டாலருக்கு ஏலத்தில் எடுத்தார்கள். அது ஒரு பந்தயத்தில்கூட ஓடவில்லை. பொலிகுதிரையாகவும் தேறவில்லை.

பிறப்புதான் எல்லாமா?

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் தண்டலம் இருக்கும் பகுதிக்கு இந்தக் கேள்வி மிகப் பழையது. கிழக்கே பூந்தமல்லி, திருக்கச்சி நம்பி பிறந்த ஊர். மேற்கே ஸ்ரீபெரும்புதூர், ராமானுஜர் பிறந்த ஊர். நம்பி அந்தணர் அல்லர். காஞ்சி வரதராஜருக்கு விசிறி வீசும் கைங்கரியம் செய்தவர். அவரையே ஆசாரியராகக் கொள்ள ராமானுஜர் விரும்பினார். குலத்தைச் சொல்லி நம்பிதான் மறுத்தார் என்கின்றன குருபரம்பரை நூல்கள். யாரிடம் கற்பது என்று முடிவுசெய்ய ராமானுஜர் பார்த்தது கைங்கரியத்தை. அவரைவிடத் துணிச்சலான மாணவர் அந்தக் காலத்தில் இருந்திருப்பாரா தெரியாது.

இன்று தண்டலத்தைச் சுற்றி அப்ரண்டிஸ் என்றாலே தொழிற்சாலைதான் நினைவுக்கு வரும். ஆனால் குதிரைத் தொழிலும் இந்தச் சாலைக்குப் புதிதல்ல. அதே நெடுஞ்சாலையில் இன்னும் மேற்கே, ஓசூரில் உள்ள அரசு கால்நடைப் பண்ணை 1824-இல் ராணுவக் குதிரைகளுக்காகத் தொடங்கப்பட்டது.

குதிரைப் பண்ணையில் தொழில் பழகுகிறவருக்கு லத்தி அள்ளுவதும் குளம்பு சுத்தம் செய்வதும் முதல் பாடம். பெரிய பாடம் இரவில். சுமார் 11 மாதச் சினை முடியும் நேரத்தில் காம்பு நுனியில் மெழுகு போலத் திரளும். பெரும்பாலான குதிரைகள் இருட்டில்தான் ஈனும். குட்டி ஒரு மணி நேரத்தில் எழுந்து நிற்கவேண்டும், இரண்டு மணி நேரத்தில் பால் குடிக்கவேண்டும், மூன்று மணி நேரத்தில் நஞ்சுக்கொடி விழவேண்டும். எந்த வம்சத்துக் குட்டியும் நோய் எதிர்ப்புச் சக்தி அநேகமாக இல்லாமல்தான் பிறக்கிறது. குதிரையின் நஞ்சுக்கொடி அதைக் கருவுக்குக் கடத்துவதில்லை. முதல் சில மணி நேரச் சீம்பால்தான் அதைத் தரும். மூன்று மூதாதைகளின் பெருமையும் அந்த நேரத்தில் உதவாது. மடியைத் தேடித் தடுமாறும் குட்டிக்குப் பக்கத்தில் ஒருவர் விழித்திருக்கவேண்டும். அவர் குதிரைக்காரர் குடும்பத்தில் பிறந்தவராக இருக்கவேண்டியதில்லை. இரண்டு மணி நேரம் தாண்டியும் குட்டி குடிக்கவில்லை என்றால், அவர் கால்நடை மருத்துவரை எழுப்பி, தாயின் சீம்பாலைக் கறந்து புட்டியில் கொடுக்க ஏற்பாடு செய்யவேண்டும்.