ஐந்தொகையில் ஏறாத செலவு

வியாபாரத்தில் இறங்குமுன் வரவு செலவைக் கணக்கிட்டுப் பார்ப்பது தவக்குலுக்கு மாறானது என்று எண்ணும் நல்லடியார்கள் நம்மிடையே இருக்கிறார்கள். "அல்லாஹ் கொடுப்பான்" என்று சொல்லிக் கடன் வாங்கிக் கடை திறந்து, ஆறே மாதத்தில் பூட்டியவர்களை எந்த மஹல்லாவிலும் காணலாம். இது தவக்குல் அன்று, வெறும் சோம்பல். பெருமானார் (ஸல்) அவர்கள் திருமறையின் ஒரு சூராவைக் கற்பிப்பது போலவே தம் தோழர்களுக்கு இஸ்திகாராவைக் கற்பித்ததாக ஹளரத் ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். அந்த துஆவுக்குள்ளேயே கணக்கு இருக்கிறது. இந்தக் காரியம் தன் தீனுக்கு நன்மையா, தன் வாழ்க்கைக்கு நன்மையா, தன் காரியத்தின் முடிவுக்கு நன்மையா என்று மூன்றையும் முன்வைத்து அடியான் இறைவனிடம் நாடுகிறான். நம் பேரேட்டில் நடுவிலுள்ள ஒன்றுக்கு மட்டுமே பத்தி கீறியிருக்கிறோம் என்பது வேறு விஷயம்.

சூரத்துல் பகராவின் 219ஆம் வசனத்தைப் பாருங்கள். மதுவிலும் சூதிலும் மனிதர்களுக்குப் பயனே கிடையாது என்று அங்கே சொல்லப்படவில்லை. பயன் இருப்பதை ஒப்புக்கொண்டு, அதைவிடப் பாவம் பெரிது என்றே தீர்ப்பு அளிக்கப்படுகிறது. பயனை மறைத்துவிட்டுத் தீங்கை மட்டும் பேசுவது மார்க்கத்தின் வழக்கமல்ல. ஹிஜ்ரி 660இல் மறைந்த இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ் ஸலாம் (ரஹ்) அவர்கள், நலன்களையும் கேடுகளையும் நிறுத்துப் பார்ப்பது எப்படி என்பதற்கென்றே 'கவாயிதுல் அஹ்காம்' என்னும் நூலை இயற்றினார்கள்.

ஆகவே கணக்குப் பார்க்கலாமா என்பது கேள்வியே அல்ல. யாருடைய வரவில் யாருடைய செலவைக் கழிப்பது என்பதே கேள்வி. என் பணத்தில் பத்தாயிரம் செலவழித்து இருபதாயிரம் ஈட்டினால், பத்தாயிரம் மிச்சம் என்று எழுதிக்கொள்வேன். நான் இருபதாயிரம் ஈட்ட, அதற்காக அடுத்த வீட்டுக்காரர் பத்தாயிரம் இழந்தால்? 'மொத்தத்தில் ஊருக்குப் பத்தாயிரம் மிச்சம்' என்று எழுதும் திட்டக்காரர்கள் உண்டு. அணைக்கும் ஆலைக்கும் இப்படிக் கூட்டிக் கழித்தே அனுமதி வாங்கப்படுகிறது. ஷரீஅத் இந்தக் கழித்தலை ஏற்பதில்லை. அவருடைய பத்தாயிரம் ஹக்குல் இபாத். அவர் மனமொப்பி விட்டுக்கொடுக்கும் வரை, அல்லது அவருக்குத் திருப்பிக் கொடுக்கும் வரை, அது என் இலாபத்தில் கரைவதில்லை.

பொதுப்படையாகச் சொன்னால் எல்லோரும் தலையசைப்போம். நம் சமுதாயத்தின் கையிலேயே உள்ள ஒரு தொழிலை எடுத்துக்கொள்வோம். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை, தெற்கே திண்டுக்கல் ஆகிய ஊர்களில் தோல் பதனிடும் தொழிலில் முஸ்லிம்கள் தலைமுறை தலைமுறையாக ஈடுபட்டிருக்கிறார்கள். இது இழிவான தொழிலன்று. செத்துக் கிடந்த ஓர் ஆட்டைக் கண்ட பெருமானார் (ஸல்) அவர்கள், அதன் தோலைப் பயன்படுத்தியிருக்கக் கூடாதா என்று கேட்டது ஸஹீஹான ஹதீஸ். இந்தத் தொழிலின் வருவாயில் பள்ளிவாசல்களும் கல்லூரிகளும் எழுந்திருக்கின்றன. நான் ஓதிய மதரஸாவின் சோற்றிலும் தோல் முதலாளிகளின் பங்கு இருந்தது. அவர்களுடைய நிய்யத்தை நான் குறை கூறவில்லை.

ஆனால் பாலாற்றின் கணக்கு என்ன? 1991இல் தொடுக்கப்பட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28இல் தீர்ப்பு வழங்கியது. ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாகிறது என்றும், தோல் தொழிற்சாலைகள் உள்ள பகுதிகளில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுமையாகவோ பாழ்பட்டது என்றும் அதில் பதிவாகியிருக்கிறது. திண்டுக்கல் வட்டாரத்தில் 13 கிராமங்களில் ஆராய்ந்த 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன. தொழிற்சாலை ஒவ்வொன்றும் பத்தாயிரம் ரூபாய் அபராதம் கட்ட வேண்டுமென்றும், கெடுத்தவரே இழப்பீடு தர வேண்டுமென்றும் நீதிமன்றம் கூறியது. 2025 ஜனவரியிலும் அதே நீதிமன்றம் அதே பாலாற்றுக்காக, பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு கொடுங்கள் என்று மீண்டும் உத்தரவிட வேண்டியிருந்தது. இடையில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள்!

முதலாளியின் ஐந்தொகையில் பச்சைத்தோலின் விலை இருக்கிறது. உப்பு, சுண்ணாம்பு, குரோமியம், கூலி, வட்டி, லாரி வாடகை எல்லாம் இருக்கின்றன. கிணறு மட்டும் இல்லை. கழிவுநீரைச் சுத்திகரிக்கும் செலவு என்று ஒன்று வந்தபோது அது 'புதுச் சுமை'யாகத் தெரிந்ததற்குக் காரணமும் இதுவே. அது புதிய செலவன்று. அதுவரை விவசாயி செலுத்தி வந்த செலவு. (நம் தோலில் செருப்புத் தைத்துப் போட்டுக்கொள்ளும் மேல்நாட்டாரின் ஆறு தெளிவாக ஓடுகிறது. அவர்களும் இந்தச் செலவில் தங்கள் பங்கைக் கொடுத்தபாடில்லை.)

"எங்கள் பாட்டனார் காலத்திலிருந்தே நடக்கும் தொழில்" என்று ஒரு வாதம் உண்டு. வடாற்காட்டு முஸ்லிம்கள் பெரும்பாலும் ஹனஃபிகள். ஹனஃபி ஃபிக்ஹை உஸ்மானியர்கள் சட்டமாகத் தொகுத்த 'மஜல்லா'வின் 7ஆம் விதி, தீங்குக்குப் பழமையால் உரிமை உண்டாகாது என்கிறது. 1200ஆம் விதி, அடுத்த வீட்டின் சுவரை அதிர வைக்கும் கொல்லன் பட்டறையையும், குடியிருக்க விடாத சூளைப் புகையையும் எடுத்துக் கூறி, அத்தகைய தீங்கை நீக்கியே ஆக வேண்டும் என்கிறது. புகைக்கே இந்தச் சட்டம் என்றால் குடிநீருக்கு என்ன சட்டம் என்று நான் எழுத வேண்டியதில்லை. தவிரவும், பாட்டனார் ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் பதனிட்டார். குரோமியம் பெருகியது பிற்பாடு.

இன்னொரு வாதம் வலுவானது. ஆலையை மூடினால் ஆயிரமாயிரம் ஏழைகளின் அடுப்பு அணைந்துவிடுமே? உண்மைதான். அந்த அடுப்பும் தராசில் ஏற வேண்டியதே. ஆனால் கூலிக்காரரின் அடுப்பைக் காட்டி விவசாயியின் கிணற்றை மறைப்பது நியாயமல்ல. அந்தக் கூலிக்காரரும் அதே ஊரின் தண்ணீரைத்தான் குடிக்கிறார். 2015 ஜனவரி 31இல் ராணிப்பேட்டையில் கழிவுநீர்த் தொட்டியின் சுவர் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உட்பட 10 பேர் மாண்டார்கள். மூடுவதா, கெடுப்பதா என்று இரண்டே வழிகள் இருப்பதாகப் பேசுவதுதான் தவறு. சுத்திகரித்து நடத்துவது மூன்றாவது வழி. அதில் இலாபம் குறையும். குறைகிற அந்தத் தொகை என்றைக்குமே முதலாளிக்குச் சொந்தமானதல்ல.

இன்னும் பிறக்காதவர்களும் இந்தக் கணக்கில் இருக்கிறார்கள். ஹளரத் உமர் (ரலி) அவர்களின் கிலாபத்தில் இராக்கின் ஸவாத் விளைநிலங்கள் கைக்கு வந்தபோது, போரிட்டவர்களுக்கே அவற்றைப் பங்கிட வேண்டுமென்று ஹளரத் பிலால் (ரலி) அவர்கள் போன்ற பெரியவர்கள் வற்புறுத்தினார்கள். கலீஃபா இணங்கவில்லை. பின்னால் வருவோருக்கு என்ன மிஞ்சும் என்று கேட்டார்கள். அன்சாரிகளில் அவ்ஸிலிருந்து ஐவரையும் கஸ்ரஜிலிருந்து ஐவரையும் அழைத்து மஷ்வரா செய்தார்கள். ஹளரத் உஸ்மான் இப்னு ஹுனைஃப் (ரலி) அவர்களை அனுப்பி நிலத்தை அளக்கச் செய்தார்கள். 3 கோடியே 60 லட்சம் ஜரீப் என்று கணக்கு வந்தது. நிலம் உழுதவர்களிடமே இருந்தது. வரி பைத்துல் மாலுக்கு வந்தது. இதை இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அவர்களின் 'கிதாபுல் கராஜ்' விவரிக்கிறது. அளந்து, எண்ணி, ஆலோசித்து எடுத்த முடிவு இது. ஆனால் அந்த மஜ்லிஸில் வந்து உட்கார முடியாதவர்களின் பங்கே அங்கு முதலில் பேசப்பட்டது.

நம் ஊரில் புதிய ஆலை எழுப்பும் மஷ்வராவில் யார் உட்காருகிறார்கள்? கூட்டாளி, கணக்காளர், வங்கிக்காரர். கடைசியில் துஆ ஓத ஓர் ஆலிம். கீழ்மடையில் நிலம் வைத்திருப்பவரை யாரும் கூப்பிடுவதில்லை.

"வருடந்தோறும் ஜகாத் கொடுக்கிறோமே" என்று கேட்பவர்களும் உண்டு. ஜகாத் ஒருவனுடைய சொந்தப் பொருளைத்தான் தூய்மைப்படுத்தும். தொழுகையும் நோன்பும் ஜகாத்தும் சுமந்து மறுமைக்கு வந்தும், பிறர் உரிமையைப் பறித்ததால் அத்தனை நன்மையையும் அவர்களுக்கு எடுத்துக் கொடுத்துவிட்டுத் திவாலாகி நிற்பவனைப் பெருமானார் (ஸல்) அவர்கள் 'முஃப்லிஸ்' என்று அழைத்தார்கள்.

இத்தகைய முதலாளிகளிடம் கட்டட நிதி வாங்கலாமா என்று மதரஸா நிர்வாகிகள் சிலர் என்னிடம் கேட்டதுண்டு. தொழில் ஹலாலானது, வாங்கலாம். ஆனால் ரசீது எழுதுமுன், இழப்பீட்டுப் பாக்கி தீர்ந்துவிட்டதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கடனாளி ஸதகா கொடுப்பதற்கு முன் கடனை அடைக்க வேண்டும் என்ற பாடம் அந்த மதரஸாவிலேயே பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கப்படுகிறது.