கறிக்கடையில் வாய் திறந்து கேளுங்கள்



பிரிட்டனுக்கு வந்து சேரும் நம் பிள்ளைகள் ஆலிம்களிடம் அடிக்கடி கேட்பது இது: "ஹஜ்ரத், சூப்பர் மார்க்கெட் கோழியை பிஸ்மில்லாஹ் சொல்லிச் சாப்பிட்டால் கூடுமா?" நம் ஊர்களான காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் இந்தக் கேள்விக்கே இடமில்லை. கறிக்கடை பாயை எல்லோருக்கும் தெரியும். இங்கே அறுத்தவர் முகம் தெரியாது, ஊர் தெரியாது.

ஆதாரமாக அவர்கள் சொல்வது ஆயிஷா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ். ஒரு கூட்டத்தார் இறைச்சி கொண்டு வருகிறார்கள், அல்லாஹ்வின் பெயர் சொல்லி அறுத்தார்களா என்று தெரியவில்லை எனச் சிலர் முறையிட, நீங்கள் பிஸ்மில்லாஹ் சொல்லி உண்ணுங்கள் என்றார்கள் நபி (ஸல்) அவர்கள். புகாரியில் இருக்கிறது. ஆனால் அந்த இறைச்சியைக் கொண்டு வந்தவர்கள் புதிதாக இஸ்லாத்தை ஏற்றவர்கள் என்பதும் அதே ஹதீஸில்தான் இருக்கிறது. முஸ்லிமின் அறுப்பில் வீண் சந்தேகம் வேண்டாம் என்பதே அதன் பாடம். யார் அறுத்தார், எப்படி அறுத்தார் என்று எதுவுமே தெரியாத கறிக்கு அதை நீட்டக் கூடாது.

இது கிறிஸ்தவ நாடுதானே, வேதக்காரர்களின் உணவு நமக்கு ஆகுமானதுதானே என்பார்கள் சிலர். அல்மாயிதா 5ஆம் வசனம் அப்படித்தான் அனுமதிக்கிறது. ஆனால் 2021 கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தம்மைக் கிறிஸ்தவர் என்று சொன்னவர்கள் 46.2 சதவீதம். மதமே இல்லை என்றவர்கள் 37.2 சதவீதம். கத்தி பிடித்தவர் இதில் யார்? அதே அத்தியாயத்தின் 3ஆம் வசனமோ செத்ததையும், நெரிபட்டதையும், அடிபட்டதையும் தடுக்கிறது. அறுத்தவர் வேதக்காரராகவே இருந்தாலும், உயிர் போனது அறுப்பினாலா என்று பார்க்க வேண்டும்.

மின்சாரத்தால் மயக்கிக் கோழி அறுக்கும் ஆலைகளில் நடப்பது பலருக்குத் தெரியாது. கோழியைக் கால் மேலே, தலை கீழாகக் கொக்கியில் மாட்டுகிறார்கள். சங்கிலி நகர்ந்துகொண்டே இருக்கும். வழியில் மின்சாரம் பாய்ச்சிய தண்ணீர்த் தொட்டி. அதில் தலை முங்கி எழும். அடுத்து கத்தி. மின்சாரம் அளவோடு இருந்தால் கோழி மயங்கும், உயிர் இருக்கும். அளவு மிஞ்சினால் தொட்டியிலேயே உயிர் போய்விடும். அதன் பிறகு எத்தனை முறை தக்பீர் சொல்லி அறுத்தாலும் அது செத்த கோழிதான்.

இந்த இடத்தில்தான் ஹலால் சான்றிதழ் தரும் அமைப்புகள் பிரிகின்றன. 1994இல் தொடங்கிய ஹலால் ஃபுட் அத்தாரிட்டி, உயிர் போகாத அளவு மயக்கத்தை ஏற்கிறது. 2003இல் தொடங்கிய ஹலால் மானிட்டரிங் கமிட்டி மயக்கத்தையே ஏற்பதில்லை. மார்க்கத்துக்காக மயக்கமின்றி அறுக்க இந்நாட்டுச் சட்டமே இடம் தந்திருக்கும்போது, அதைத் தேடி வாங்குவதுதான் பேணுதல் என்பது என் கருத்து. அதற்காக மற்றதை வாங்கும் சகோதரரை ஹராம் தின்பவர் என்று பேசுவது பெரும் பாவம். இரு பக்கமும் ஆலிம்கள் இருக்கிறார்கள்.

ஹலால் என்ற பலகையைப் பார்த்ததும் கேட்பதை நிறுத்திவிடாதீர்கள். 2013இல் இந்நாட்டுச் சிறைகளில் ஹலால் என்று கொடுத்த இறைச்சிப் பண்டங்களில் பன்றியின் மரபணு இருந்தது தெரிய வந்தது. "பாய், இது எங்கே அறுத்தது? கையால் அறுத்ததா? மயக்கம் கொடுத்ததா? யார் சர்டிபிகேட்?" என்று வாய் திறந்து கேளுங்கள். சர்டிபிகேட்டின் தேதியைப் பாருங்கள். முகம் சுளிக்காமல் கேளுங்கள்; அவரும் ஹலாலான சம்பாத்தியத்துக்காக நிற்பவர். நம்பகமான முஸ்லிம் பதில் சொல்லிவிட்டால் அதோடு போதும். விருந்துக்கு அழைத்த முஸ்லிம் வீட்டில் இந்த விசாரணையே வேண்டாம்.

ஹலால் கடையே இல்லாத சிற்றூர்களில் படிக்கும் பிள்ளைகள் "எங்களுக்கு நிர்ப்பந்தம்தானே" என்கிறார்கள். பசியில் உயிர் போகும் நிலைக்குத்தான் மார்க்கத்தில் அந்தப் பெயர். மீனுக்கு அறுப்பே தேவையில்லை. முட்டை இருக்கிறது, பருப்பு இருக்கிறது. கறிதான் வேண்டுமென்றால் நான்கு பேர் சேர்ந்து, நகரத்துக்குப் போகிற ஒருவரிடம் சொல்லி மொத்தமாக வாங்கி ஃப்ரீசரில் வையுங்கள். இந்த ஜமாஅத்தில் கார் வைத்திருப்பவர்கள், தொழுகை முடிந்ததும் அந்தப் பிள்ளைகளைக் கண்டு நம்பர் வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த முறை கறிக்கடைக்குப் போகும்போது அவர்களுக்கும் சேர்த்து வாங்கி வாருங்கள்.